சாவி எங்கே என்று அப்பா கேட்டபோது

சாயங்காலம் ஐந்தரை ஆனால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். "சாவி எங்கம்மா? அச்சகத்தைப் பூட்டணும்" என்பார்.

அப்பாவுக்கு அல்சைமர் நோய். அச்சகத்தை விற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் நான் அதைத்தான் சொன்னேன். "அப்பா, அதை வித்தாச்சுப்பா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க." அவர் முகம் சுருங்கிப்போகும். "யார் வித்தது? என்னைக் கேக்காம யார் வித்தது?" நான் வருடத்தைச் சொல்வேன், வாங்கியவர் பெயரைச் சொல்வேன். ஒருநாள் பத்திர நகலையே எடுத்துவந்து காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "என் கையெழுத்து மாதிரியே இருக்கே" என்று நடுங்கினார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் ஐந்தரைக்குப் பத்திரம் எதுவும் அவர் நினைவில் இல்லை. வழக்கம்போல் சாவியைக் கேட்டார். ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் முந்தின நாள்வரை இல்லாத ஒரு பயம் இருந்தது.

நடந்தது மறந்துவிட்டது, பயம் மட்டும் எப்படித் தங்கியது? இது எனக்குப் புரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தை இன்னொருவர் வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அல்சைமர் என்றதும் மறதி என்ற சொல்தான் வாயில் வருகிறது. மறதி என்றால், உள்ளே போன விஷயம் தேடும்போது அகப்படாமல் போவது. இந்த நோயின் தொடக்கத்தில் நடப்பது வேறு. நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கமாக, மூளையின் இரு புறமும் ஹிப்போகாம்பஸ் என்றொரு சிறிய பகுதி இருக்கிறது. அன்றன்று நடப்பதை நினைவாகப் பதித்துவைப்பது அதன் வேலை. நோய் முதலில் கைவைப்பது அதிலும், அதை ஒட்டிய புறணியிலும்தான் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு). நரம்பணுக்களுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. அணுக்களுக்கு உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கேறிச் சிக்காகிறது. அணுக்களுக்கு இடையிலான தொடர்பு அறுந்து, பிறகு அணுக்களே செத்துப்போகின்றன. அறிகுறி ஏதும் வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே இது தொடங்கிவிடுகிறது.

ஆக, நான் காட்டிய பத்திரத்தை அப்பா மறக்கவில்லை. அது அவருக்குள் பதியவே இல்லை. "நேத்துதானே சொன்னேன்" என்று நான் கேட்டதெல்லாம், அச்சேறாத தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன கதைதான். பழைய நினைவுகளோ பல வருடங்களாக மூளைப் புறணியில் பரவி வேர்பிடித்தவை. அதனால் அவை கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கின்றன. புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார். அப்பாவுக்குக் கடைசிப் பன்னிரண்டு வருடம்தான் கரைந்துபோயிருந்தது. அதற்கு முன்னால் இருந்த அச்சகம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தினமும் ஐந்தரைக்கு அதைப் பூட்டியவர் சாவியைத் தேடாமல் என்ன செய்வார்?

இந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமான முதல் நோயாளியின் கதையிலும் மறதி மட்டும் இல்லை. அகுஸ்தே டெட்டர் என்ற அந்தப் பெண்ணை 1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு வயது 51. கணவர் தனக்குத் துரோகம் செய்வதாக அவர் சந்தேகப்பட்டதுதான் வீட்டில் முதலில் கண்ணில் பட்ட மாற்றங்களில் ஒன்று. அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்: உங்கள் பெயர்? அகுஸ்தே. கணவர் பெயர்? அதற்கும் அகுஸ்தே என்றுதான் பதில் வருகிறது. "என்னை நான் தொலைத்துவிட்டேன்" என்று அவர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. 1906-இல் அவர் இறந்தபின் அவர் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அந்தப் படிவுகளையும் சிக்குகளையும் அல்சைமர் விவரித்தார். அதே வருடம் நவம்பரில் டூபிங்கன் நகரில் அவர் அதைப் பற்றிப் பேசியபோது கூட்டத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910-இல் எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். உலகில் சுமார் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவோடு, அதாவது நினைவும் சிந்தனையும் தேய்ந்துபோகும் நிலையோடு, வாழ்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. அவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குக் காரணம் அல்சைமர்.

சரி, அந்தப் பயத்துக்கு வருவோம்.

2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். அல்சைமர் உள்ள 17 பேர், நோயில்லாத 17 பேர். சோகமான காட்சிகளைச் சுமார் இருபது நிமிடம் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சியான காட்சிகளைத் தனியாகக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சோகம் போகவில்லை. அரை மணி நேரம் வரை அதைத் தொடர்ந்து அளந்தார்கள், இருந்துகொண்டே இருந்தது. அதிலும், காட்சியைப் பற்றி எவ்வளவு குறைவாக நினைவிருந்ததோ அவ்வளவு நீண்ட நேரம் சோகம் தங்கியது. நமக்கு ஒரு வருத்தம் வந்தால் ஏன் வந்தது என்று தெரியும், "சினிமாதானே" என்று உதறிவிடலாம். அவர்களுக்கு உதறக் காரணம் கையில் இல்லை. வருத்தம் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்த அன்று நான் அழுதேன். பத்திரத்தைக் காட்டி நான் அப்பாவிடம் விட்டுச்சென்றது தகவல் இல்லை. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற நடுக்கம் மட்டும்தான். அதை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதிகளும் இந்த நோயில் முழுசாகத் தப்புவதில்லைதான். ஆனாலும் பெயரும் தேதியும் போன பிறகு வெகுநாள்வரை, ஒருவர் குரலில் எரிச்சல் இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

அதனால்தான் இந்தப் பராமரிப்பில் முதலில் விட வேண்டியது திருத்தும் பழக்கம் என்று சொல்கிறேன். விடுவது லேசில்லை. வீட்டில் ஒருவர் தப்பாகச் சொன்னால் "இல்ல, அது அப்படி இல்ல" என்று நம் வாய் தானாகவே சொல்லிவிடும். அதோடு, பெற்றோர் நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். அவர்கள் தப்பாகப் பேசும்போது, திருத்தினால் பழையபடி ஆகிவிடுவார்கள் என்று ஓர் ஆசை நமக்குள் இருக்கிறது. நான் பத்திரத்தை எடுத்துவந்ததற்குக் காரணம் அந்த ஆசைதான். அந்த உண்மை அவருக்குத் தேவைப்படவே இல்லை, என் பழைய அப்பா எனக்குத் தேவைப்பட்டார்.

இன்னொன்றும் உண்டு. தனக்கு நோய் இருப்பதே தெரியாத நிலை. பக்கவாதம் வந்த சிலருக்குத் தன் கை அசையாதது தெரியாமல் இருப்பதுபோல, அல்சைமர் வந்த பலருக்குத் தன் நினைவு போவதைக் கவனிக்கும் திறனே போய்விடுகிறது. "எனக்கு ஒண்ணும் இல்ல, நீதான் மாத்தி மாத்திப் பேசற" என்று அவர்கள் சொல்வதைப் பிடிவாதம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தன் தவறைத் தானே பார்க்க உதவும் பகுதி பழுதாகியிருக்கிறது என்றால், வாதம் செய்து யாரை வெல்லப்போகிறோம்?

திருத்தாமல் வேறென்ன செய்வது? நான் கற்றுக்கொண்டது இதுதான்: கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்தக் கேள்விக்குள் என்ன கவலை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "சாவி எங்கே" என்பதற்குள் இருந்தது பொறுப்பு. பத்துப் பேர் வேலை செய்த இடத்தை நாற்பது வருடம் தினமும் திறந்து மூடியவர் அவர். இருட்டப்போகிறது, பூட்டவில்லை, திருடு போனால் என்ன ஆவது. அன்றிலிருந்து நான், "எல்லாரும் வேலையை முடிச்சாச்சாப்பா? இன்னைக்கு என்ன அச்சடிச்சீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். அவர் உட்கார்ந்து சொல்வார். கல்யாணப் பத்திரிகை, கட்சித் துண்டறிக்கை, எழுத்துப்பிழை பார்க்காமல் அச்சேற்றி மொத்தத்தையும் திருப்பி அடித்த கதை. பல நாள் அதிலேயே சாவி மறைந்துபோகும். சில நாள் போகாது. அப்போது பழைய அலமாரிச் சாவி ஒன்றைக் கையில் கொடுப்பேன். அதை மூடிப் பிடித்துக்கொண்டு, "ம், இருக்கு" என்பார். தோள் தளர்ந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

அது பொய் இல்லையா என்று என் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அதை லேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அப்பாவிடம் பொய் சொல்லக் கூடாது என்று அப்பாதான் எங்களை வளர்த்தார். டிமென்ஷியா பராமரிப்பு தெரிந்தவர்களிடையிலும் இதில் ஒரே கருத்து இல்லை. நோயாளிக்கு நிம்மதி தருமென்றால் சொல்லலாம் என்பவர்கள் உண்டு. ஒரு பொய் சொன்னால் பத்துச் சொல்ல வேண்டிவரும், நம்பிக்கை கெடும் என்பவர்களும் உண்டு. என் கணக்கு இது: நானாகக் கதை கட்டி அவரை ஓர் இடத்துக்கு இழுத்துப்போக மாட்டேன். அவர் ஏற்கெனவே நிற்கும் இடத்தில் போய் அவரோடு நிற்பேன். "அச்சகம் இன்னும் இருக்கு" என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. "அச்சகத்தைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்றுதான் சொன்னேன். நேராக, கண்ணைப் பார்த்து, "உண்மையைச் சொல்லு, எனக்கு என்னமோ ஆயிடுச்சா?" என்று அவர் கேட்ட இரண்டு தடவையும், "ஆமாப்பா, ஞாபகம் கொஞ்சம் சரியில்ல. நான் கூடவே இருக்கேன்" என்று உள்ளதைச் சொன்னேன். உண்மையைத் தேடி வந்தவருக்கு அதை மறைப்பது சரியாக எனக்குப் படவில்லை. சாவிதான் பொய்க்கு மிக அருகில் இருந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

ஏன் எப்போதும் சாயங்காலம்? பொழுது சாய்ந்ததும் பதற்றமும் குழப்பமும் கூடுவது இந்த நோயில் சகஜம். உடலின் பகல் இரவுக் கணக்கை வைத்திருக்கும் மூளைப் பகுதியும் பாதிக்கப்படுகிறது. நாள் முழுக்க ஈடுகொடுத்த மூளை களைத்துப்போகிறது. வெளிச்சம் குறையக் குறைய நிழல்கள் வேறெதுவோ ஆகத் தெரிகின்றன. நான்கு மணிக்கே விளக்குகளைப் போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சியை அணைத்து வைத்தது எங்கள் வீட்டில் பலன் தந்தது. காலையில் வெளிச்சத்தில் நடக்கவைப்பதும், பகல் தூக்கத்தைக் குறைப்பதும் இரவுக்கு உதவும்.

திருட்டுப் பழி வேறு ரகம். கண்ணாடியைத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டு, "நீதான் எடுத்துட்ட" என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அதிகமாகப் பார்த்துக்கொள்பவர் மேல்தான் பெரும்பாலும் பழி விழும், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். வைத்தது நினைவில் இல்லை, பொருளும் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மூளை ஒரு கதையால் நிரப்புகிறது. யாரோ எடுத்தார்கள் என்பதுதான் இருப்பதிலேயே பொருத்தமான கதை. "நான் எடுக்கல" என்று சண்டை போடாமல், "ஐயோ, காணோமா? வாங்க, தேடுவோம்" என்று கூடச் சேர்ந்து தேடினால் நாம் அவர் பக்கத்து ஆளாகிவிடுவோம். கண்டெடுக்கும்போதும் அவர் கையாலேயே எடுக்க விடுவது நல்லது. இதை எழுதுவது எளிது. நள்ளிரவில், மூன்றாவது தடவையாகத் திருடி என்று கேட்கும்போது நெஞ்சு எரியத்தான் செய்யும். அந்த நேரத்தில் அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவதில் தப்பே இல்லை.

போனதையே எண்ணிக்கொண்டிருந்ததில், இருந்ததை நான் கவனிக்காமல் இருந்தேன். அப்பாவின் கை எதையும் மறக்கவில்லை. ஒருநாள் மேசையில் கிடந்த பழைய தாள்களை எடுத்து ஓரம் தட்டிச் சமன்செய்து, நடுவில் மடித்து, கட்டைவிரல் நகத்தால் மடிப்பின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தார். அளவெடுத்த மாதிரி இருந்தது. தொழில் பழக்கம், சைக்கிள் ஓட்டுவது, பின்னுவது போன்ற கைவசமான நினைவுகள் ஹிப்போகாம்பஸை நம்பி இல்லை. அவை மூளையின் அடித்தளக் கணுக்களிலும் சிறுமூளையிலும் இருக்கின்றன, நோய் அங்கே தாமதமாகத்தான் வருகிறது. பழகிய பாட்டும் அப்படித்தான் நெடுநாள் நிற்கிறது. அதன்பிறகு தினமும் காலையில் ஒரு கட்டுத் தாளை அவர் முன் வைத்தேன். இரண்டு மணி நேரம் மடிப்பார். அந்த இரண்டு மணி நேரம் அவர் நோயாளி இல்லை. எழுத்தை வாய்விட்டுத் தடங்கலின்றி வாசிக்கவும் செய்தார். என்ன வாசித்தார் என்று கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

குளியலைப் பற்றிப் பலரும் பேசக் கூச்சப்படுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் பெரிய சண்டை நடப்பதே அங்கேதான். நேற்றுக் குளித்தேன் என்பார்கள், உடையைக் கழற்ற விடமாட்டார்கள், தண்ணீர் பட்டால் கத்துவார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆழம் கணிக்கும் திறன் குறைந்துவிட்டதால் தரையில் உள்ள கரிய மிதியடி பள்ளமாகத் தெரியலாம். தலையில் திடீரென்று விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று புரியாது. யாரோ ஒரு பெண் அவர் உடையைக் கழற்றுகிறாள். அவள் மகள் என்பது அந்த நிமிடத்தில் தெரியாது. கத்தாமல் என்ன செய்வார் ஒரு மனிதர்? நாங்கள் தினக் குளியலை விட்டுவிட்டோம். வாரம் இரண்டு நாள் போதும், மற்ற நாளில் ஈரத்துணி. தண்ணீரை முதலில் காலில் ஊற்றுவது, பிறகு கை, தலை கடைசியில். ஒரு பெரிய துண்டால் உடம்பைப் போர்த்தி, போர்வைக்குள்ளேயே தேய்த்துவிடுவது. சோப்பை அவர் கையில் கொடுத்து அவரே தேய்க்க விடுவது. இவ்வளவு செய்தும் முடியாத நாளில் விட்டுவிடுவது. சுத்தத்தைவிட, நாளைக்கும் அவர் நம்மோடு குளியலறைக்கு வருவதுதான் முக்கியம்.

திருத்தாதே என்றால் எல்லாவற்றையும் விட்டுக்கொடு என்று பொருள் இல்லை. வண்டி ஓட்டுவது, அடுப்பு, மாத்திரை, பணம் இந்த நான்கிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் அங்கேயும் வாதத்தால் வெல்ல முடியாது, ஏற்பாட்டால்தான் முடியும். வண்டிச் சாவியைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுவது, ஓட்ட வேண்டாம் என்பதை மருத்துவர் வாயால் சொல்லவைப்பது, எரிவாயு வால்வை மூடிவைப்பது, மாத்திரையைப் பூட்டிவைப்பது. வெளியே தனியாகப் போய்விடும் பழக்கம் வந்தால் பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த கைப்பட்டை அவசியம். உயில், வங்கிக் கணக்கு, தனக்காக முடிவெடுக்க யாருக்கு அதிகாரம், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையெல்லாம் நோய் தெரிந்த முதல் மாதங்களிலேயே அவரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். அவர் புரிந்து கையெழுத்துப் போடக்கூடிய காலம் குறுகியது. நாங்கள் இதில் தாமதித்தோம். அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டிய இரண்டு விஷயங்களை, பிறகு நாங்களே ஊகித்து முடிவெடுக்க வேண்டிவந்தது.

இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அல்சைமர் மெதுவாக நகரும் நோய். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இரண்டே நாளில் திடீரென்று தலைகீழாக மாறினால், ஆளைத் தெரியாமல் கத்தினாலோ எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, "நோய் முத்திடுச்சு" என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, சொல்லத் தெரியாத வலி, இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. அப்பாவுக்கு ஒருமுறை அப்படி ஆனபோது ஒரு மருத்துவமனையில், "டிமென்ஷியா கேஸ், இப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் சிறுநீரைப் பரிசோதித்தார்கள், தொற்று இருந்தது. ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். முரட்டுத்தனத்தை அடக்க ஆன்டிசைக்கோடிக் என்ற வகை மனநல மருந்து எழுதிக் கொடுத்தால், எதற்கு, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத்தான் அவை.

நோய்க்கே மருந்து உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், காலன்டமைன், மெமன்டைன் ஆகியவை சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும், நோயை நிறுத்தாது. அமிலாய்டைக் கரைக்கும் லெகனமாப் 2023-இலும் டோனனமாப் 2024-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. லெகனமாப் 18 மாதத்தில் சரிவை ஏறக்குறைய 27 சதவீதம் மெதுவாக்கியதாகச் சோதனையில் தெரிந்தது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே தருகிறார்கள். மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இதைக் கேட்டுக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக வேண்டாம். நோயின் நடுக்கட்டத்தைத் தாண்டிய ஒருவருக்கு இந்தப் புதிய மருந்துகள் எதையும் நாம் தவறவிடவில்லை.

பார்த்துக்கொள்பவரின் நிலைமைக்கு வருகிறேன். வேலையைவிட என்னை உடைத்தது, தொலைபேசியில் வரும், "நல்லாத்தானே பேசறார்?" என்ற குரல்தான். அந்நியர்கள், மருத்துவர், எப்போதாவது வரும் பிள்ளைகள் முன்னால் நோயாளிகள் தங்களைத் திரட்டிக்கொண்டு அரை மணி நேரம் அழகாகப் பேசிவிடுவார்கள். பழக்கமான உபசாரச் சொற்கள் வெகுநாள்வரை கைகொடுக்கும். விருந்தாளி போனதும் களைத்துச் சரிவார்கள். தூரத்தில் இருக்கும் உடன்பிறப்புகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வந்தால் ஒரு மதியம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்பாதீர்கள். மூன்று நாள் தங்குங்கள். அந்த மூன்று நாளும் பார்த்துக்கொள்பவரை வெளியே அனுப்பிவிடுங்கள். என் அண்ணன் அப்படி ஒருமுறை தங்கினார். இரண்டாம் நாள் இரவு என்னை அழைத்து ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் இருந்தார். அதன்பிறகு அவர் "பொய் சொல்றியே" என்று கேட்கவில்லை. மாதம் ஐந்து நாள் என்று முறைபோட்டுக்கொண்டு வந்தார்.

அமெரிக்கக் குடும்பச் சிகிச்சை நிபுணர் பாலின் பாஸ் 1970-களில் ஒரு சொல்லைக் கொடுத்தார்: தெளிவற்ற இழப்பு. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் மனைவியரோடு பேசிப் பேசி அவர் கண்டது அது. இறந்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று வாழவும் முடியாது. அதன் மறுபக்கத்தை அவர் டிமென்ஷியா குடும்பங்களில் பார்த்தார்: ஆள் எதிரிலேயே இருக்கிறார், ஆனால் இல்லை. உயிரோடு இருக்கும் அப்பாவுக்காக ஏன் இப்படித் துக்கப்படுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்தது.

நமக்கும் வருமா என்ற பயம் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு. தலைமுறைதோறும் இளவயதில் தாக்கும் மரபணுப் பிழை மிக அரிது, மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பெற்றோரில் ஒருவருக்கு முதுமையில் வந்தால் நம் ஆபத்து கொஞ்சம் கூடும், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. செவித்திறன் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை போன்ற 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணித்தது. காது சரியாகக் கேட்கவில்லை என்றால் கருவி வாங்க வெட்கப்படாதீர்கள்.

மூன்றாம் வருடத்தில் அப்பா என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவர் அவருடைய அக்கா. முதல்தடவை எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. பெயர், உறவு எல்லாம் போய்விட்டதே என்று. பிறகு யோசித்தபோது, ஊட்டிவிடுகிறவர், போர்த்திவிடுகிறவர், பயந்தால் பக்கத்தில் இருக்கிறவர் யார் என்று அவர் மூளை தேடியிருக்கிறது, அதற்கு அகப்பட்ட பெயரைக் கொடுத்திருக்கிறது என்று பட்டது. நான் திருத்தவில்லை. "என்னடா" என்று அவரைக் கேட்கவும் வாய் வரவில்லை. "சொல்லுங்க" என்பேன்.

கடைசிக் கட்டத்தில் விழுங்குவதே கஷ்டமாகிவிடும். குழாய் வழியாக உணவு செலுத்தலாமா என்ற கேள்வி அப்போது வரும். முற்றிய டிமென்ஷியாவில் அது ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்பது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. நாங்கள் கையால் ஊட்டினோம். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு கரண்டியாக, ஒருவேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அப்போது ஐந்தரைக்கு அவர் எழுந்து நிற்பது நின்றுபோயிருந்தது. சாவியையும் கேட்பதில்லை. படுத்தபடியே போர்வையின் ஓரத்தைக் கையில் எடுத்து, விளிம்பைச் சமன்செய்து, மடித்து, கட்டைவிரல் நகத்தால் மெல்ல இழுப்பார். நகத்தில் அழுத்தம் இல்லாததால் மடிப்பு நிற்காது, திரும்ப எடுப்பார். நான் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.